செய்தியில் வருவது எந்த ஜார்ஜியா?

2024 அக்டோபர் 26 அன்று ஜார்ஜியாவில் தேர்தல் நடந்தது. சரியாகப் பத்து நாள் கழித்து, நவம்பர் 5 அன்று, ஜார்ஜியாவில் மறுபடியும் தேர்தல். முதல் தேர்தலில் முறைகேடு என்று எதிர்க்கட்சிகள் தெருவில் இறங்கின, இரண்டாவதில் டிரம்ப் ஜெயித்தார். அந்த நாட்களில் தமிழ்த் தலைப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டு போனவர்கள் இரண்டையும் ஒரே கதையாக நினைத்திருந்தால், தப்பு அவர்கள் மேல் இல்லை. தலைப்பில் இருந்தது ஒரே சொல், இடம் வேறு வேறு: முதலாவது ஒரு தனி நாடு, இரண்டாவது அமெரிக்காவின் ஒரு மாநிலம்.

அந்த ஒரு தடவையோடு இது முடியவும் இல்லை. 2024 ஆகஸ்டில் ‘ஜார்ஜியா’வை மத்தியக் கிழக்குக்கு அனுப்ப அமெரிக்கா உத்தரவு போட்டது, அது ஒரு நீர்மூழ்கிக் கப்பல். 2025 மார்ச்சில் ஏ23ஏ என்ற ராட்சதப் பனிப்பாறை தெற்கு ஜார்ஜியாவுக்குப் பக்கத்தில் தரைதட்டியது. அது தென் அட்லாண்டிக் கடலில் கிடக்கும் ஒரு தீவு. 2025 ஜூலையில் ஜார்ஜியாவில் கோனேரு ஹம்பியை வென்று திவ்யா தேஷ்முக் மகளிர் செஸ் உலகக் கோப்பையை எடுத்தார்; அது கருங்கடல் ஓரத்து பட்டுமி நகரம். அடுத்து செப்டம்பரில், ஜார்ஜியாவில் கட்டுமானத்தில் இருந்த ஹூண்டாய்-எல்.ஜி. பேட்டரி ஆலைக்குள் குடியேற்ற அதிகாரிகள் நுழைந்து 475 பேரைப் பிடித்தார்கள், அதில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் தென் கொரியர்கள், இது அமெரிக்கா. போதாததற்கு இத்தாலியப் பிரதமர் மெலோனியின் முதல் பெயரையும் நாம் ஜார்ஜியா என்றே எழுதுகிறோம்.

ஒரே பெயர் இத்தனை இடத்தில் எப்படி வந்து உட்கார்ந்தது, அதில் எது எதோடு சொந்தம், எது வெறும் ஒலி ஒற்றுமை, ஒரு செய்தியைப் பார்த்தவுடன் எது என்று எப்படிப் பிடிப்பது, இதையெல்லாம் வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் அந்த இரண்டு பெரிய ஜார்ஜியாக்கள்

ஒன்று, அமெரிக்காவின் 50 மாநிலங்களில் ஒன்று. புளோரிடாவுக்கு நேர் மேலே இருக்கிறது. தலைநகர் அட்லாண்டா. பரப்பு ஏறத்தாழ 1.5 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரியது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1 கோடியே 7 லட்சம். கோகோ-கோலா பிறந்த ஊரும், மார்ட்டின் லூதர் கிங் பிறந்த ஊரும் அட்லாண்டாதான்.

இன்னொன்று, காகசஸ் மலைப்பகுதியில் இருக்கும், ஐ.நா.வில் உறுப்பினரான ஒரு தனி நாடு. வடக்கே ரஷ்யா, தெற்கே துருக்கியும் ஆர்மீனியாவும், கிழக்கே அஜர்பைஜான், மேற்கே கருங்கடல். தலைநகர் திபிலீசி. பரப்பு சுமார் 69,700 சதுர கிலோமீட்டர், மக்கள் 37 லட்சம் பேர் அளவில். 1918இல் ஒரு முறை சுதந்திரம் அறிவித்து, 1921இல் செம்படையிடம் இழந்து, சோவியத்துக்குள் எழுபது வருடம் இருந்து, 1991 ஏப்ரல் 9 அன்று மறுபடி சுதந்திரம் அறிவித்தது. ஸ்டாலின் பிறந்த கோரி நகரம் இங்கேதான் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், மாநிலம் நாட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது, மக்கள்தொகையில் மூன்று மடங்குக்குப் பக்கம். இதனால்தான் ஆங்கிலத்தில் அடைமொழி இல்லாமல் வெறும் ஜார்ஜியா என்று வரும் செய்திகளில் பாதிக்கு மேல் மாநிலத்தைப் பற்றியதாக இருக்கும் என்று அமெரிக்க வாசகர் எடுத்துக்கொள்கிறார். நமக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு இடத்துக்கும் போகிறார்கள்.

மாநிலத்தின் பெயர்: ஒரு ராஜாவுக்குச் செய்த மரியாதை

இந்தக் கதை நேரானது. 1732இல் பிரிட்டிஷ் அரசர் இரண்டாம் ஜார்ஜ் ஒரு சாசனம் கொடுத்தார். ஜேம்ஸ் ஓகிள்தார்ப் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்த ஒரு அறங்காவலர் குழு, தெற்கு கரோலினாவுக்கும் ஸ்பெயின் கையில் இருந்த புளோரிடாவுக்கும் நடுவில் ஒரு புதிய குடியேற்றத்தை அமைக்கலாம் என்பது அதன் சாரம். இங்கிலாந்தின் ஏழைகளுக்கு ஒரு புதிய வாழ்க்கை என்று சொன்னார்கள். ஸ்பானியரைத் தடுக்க நடுவில் ஒரு அரண் வேண்டும் என்பதும் கூடவே இருந்தது. 1733 பிப்ரவரியில் ‘ஆன்’ என்ற கப்பலில் நூற்றுச் சொச்சம் பேர் வந்து, யமாக்ரா மக்களின் தலைவர் டோமோச்சிச்சியோடு பேசி, இன்றைய சவானா நகரை அமைத்தார்கள். இங்கிலாந்து அமெரிக்காவில் அமைத்த பதின்மூன்று குடியேற்றங்களில் கடைசி இதுதான்.

பெயர் வைத்த முறை அந்தக் காலத்து வழக்கம். அரசர் பெயரை எடுத்து லத்தீன் விகுதியான ‘-இயா’வைச் சேர்த்தால் நாட்டின் பெயர் ஆகிவிடும். கன்னி ராணி என்று அழைக்கப்பட்ட முதலாம் எலிசபெத்துக்காக வர்ஜீனியா, சார்லஸின் லத்தீன் வடிவமான கரோலஸிலிருந்து கரோலினா, ஜார்ஜுக்காக ஜார்ஜியா. இரண்டாம் ஜார்ஜ் அந்த மண்ணைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவருக்கு முன்னால் பல நூறு ஆண்டுகள் அங்கே வாழ்ந்த மஸ்கோகீ மக்களும் செரோக்கீ மக்களும் தங்கள் ஆறுகளுக்கும் ஊர்களுக்கும் வைத்திருந்த பெயர்கள் வேறு. 1838இல் செரோக்கீ மக்களை ராணுவம் வைத்து அங்கிருந்து மேற்கே விரட்டினார்கள், வழியில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். ஜார்ஜியா என்ற பெயரைச் சொல்லும்போது இந்தப் பக்கமும் அதில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

சரி, ராஜாவுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? புனித ஜார்ஜிடமிருந்து. நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் புனித ஜார்ஜியார் என்று சொல்லும் அதே ஆள். அவருக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது. கே என்றால் நிலம், எர்கோன் என்றால் வேலை. இரண்டும் சேர்ந்த கெயோர்கோஸ் என்றால் நிலத்தில் வேலை செய்பவர், விவசாயி. ஆக, அமெரிக்க மாநிலத்தின் பெயரைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் கிடைப்பது ஒரு உழவன். புனிதரும் ராஜாவும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைச் சென்னையிலேயே பார்க்கலாம்: கோட்டை புனித ஜார்ஜின் பெயரில் இருக்கிறது, அதை ஒட்டிய ஜார்ஜ் டவுன் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் பெயரில் இருக்கிறது.

நாட்டின் பெயர்: ஜார்ஜ் இல்லாத ஜார்ஜியா

இங்கேதான் விஷயம் ருசியாகிறது. அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டை ஜார்ஜியா என்று சொல்வதே இல்லை. அவர்கள் வைத்திருக்கும் பெயர் சகார்ட்வெலோ. நடுவில் இருப்பது கார்ட்வெல், அதாவது அந்த மக்கள். முன்னால் ‘ச’வும் பின்னால் ‘ஓ’வும் சேர்த்தால் அவர்கள் இருக்கும் இடம் என்று பொருள். அவர்கள் மொழி கார்ட்டுலி. பக்கத்து ரஷ்ய மொழியோடும் துருக்கிய மொழியோடும் ஆர்மீனிய மொழியோடும் அதற்குச் சொந்தம் கிடையாது, தனி மொழிக்குடும்பம், தனி எழுத்து, முப்பத்து மூன்று எழுத்துகள்.

அப்படியானால் உலகம் சொல்லும் பெயர் எங்கிருந்து வந்தது? இதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் விளங்கும்.

1. பாரசீகர்கள் இந்த மக்களைக் குர்ஜ் என்றும் நாட்டைக் குர்ஜிஸ்தான் என்றும் சொன்னார்கள். இன்றைக்கும் துருக்கியில் கிட்டத்தட்ட அதேதான் வழக்கு. அரபியில் ஜுர்ஜ்.

2. அந்தக் குர்ஜுக்குப் பின்னால் இன்னும் பழைய ஒரு வடிவம் இருக்கிறது, அதில் முதல் எழுத்து ‘வ’. ஆர்மீனியர்கள் இன்றும் ‘வ்ராஸ்தான்’ என்று சொல்வது அந்தப் பழைய ஒலியைக் காட்டுகிறது. பாரசீக மொழியில் சொல்லின் முதலில் வந்த ‘வி’ காலப்போக்கில் ‘கு’ ஆவது வழக்கமான மாற்றம்.

3. ஆய்வாளர்களில் ஒரு சாரார் இதைப் பழைய பாரசீகத்தில் ஓநாயைக் குறித்த சொல்லோடு சேர்க்கிறார்கள்: ஓநாய்களின் நாடு. ஓநாய்க்குப் பாரசீகத்தில் குர்க். அதன் சம்ஸ்கிருத உறவு விருக. பீமனுக்கு விருகோதரன் என்று ஒரு பெயர் உண்டே, ஓநாய் வயிறன் என்ற பொருளில், அதே விருகம்தான். ஐந்தாம் நூற்றாண்டில் அந்த நாட்டை ஆண்ட, திபிலீசியை நிறுவியதாக மக்கள் சொல்லும் அரசர் வக்தாங்கின் பட்டப்பெயர் கோர்காசாலி. அதுவும் ஓநாய்த்தலையன் என்ற பாரசீகச் சொல்தான். இந்தப் பொருள் தீர்ந்துபோன முடிவு அல்ல, ஆனால் குர்ஜிலிருந்துதான் பெயர் வந்தது என்பது வலுவாக நிற்கும் கருத்து.

4. சிலுவைப் போர்க் காலத்தில் மேற்கு ஆசியாவுக்கு வந்த ஐரோப்பியர்கள் இந்தக் குர்ஜ், ஜுர்ஜ் ஒலியைக் கேட்டார்கள். அந்த மக்கள் கிறிஸ்தவர்கள், அதுவும் புனித ஜார்ஜை உயிராகக் கும்பிடுகிறவர்கள். ஐரோப்பியக் காதுக்கு ஜுர்ஜும் ஜார்ஜும் ஒன்றாகவே விழுந்தன. புனித ஜார்ஜால்தான் இவர்களுக்கு இந்தப் பெயர் என்று எழுதிவைத்தார்கள். பதிமூன்றாம் நூற்றாண்டில் ஜாக் த வித்ரி என்ற பாதிரியார் அப்படித்தான் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் அங்கே போன பிரெஞ்சுப் பயணி ஷார்தான், இல்லை, கிரேக்க ‘விவசாயி’யிலிருந்து வந்தது என்றார்.

5. லத்தீனில் ஏறியபோது அது ஜார்ஜியா ஆனது. ரஷ்யர்களிடம் அதே குர்ஜ் கொஞ்சம் புரண்டு கிரூசியா ஆனது.

புனித ஜார்ஜ் கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பின்னால் ஒட்டவைத்த விளக்கம். சோதிப்பது எளிது. அந்த நாட்டு மொழியில் புனிதரின் பெயர் கியோர்கி, நாட்டின் பெயர் சகார்ட்வெலோ. இரண்டுக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. ஆனால் ஒட்டவைத்த கதை அங்கேயும் வேர்விட்டுவிட்டது என்பதும் உண்மை. கியோர்கி அங்கே தெருவுக்குப் பத்துப் பேருக்கு வைக்கும் பெயர்; லெனின் சிலை நின்ற திபிலீசி சதுக்கத்தில் 2006 முதல் தங்க நிறத்தில் புனித ஜார்ஜ் நிற்கிறார்; 2004இல் கொண்டுவந்த தேசியக் கொடியின் நடுவில் இருப்பது அவருடைய சிலுவை என்றே பொதுவாகச் சொல்கிறார்கள்.

ஒரு மக்களை அடுத்த வீட்டுக்காரர் அழைத்த பெயரே உலகம் முழுக்க நிலைப்பது புதிதல்ல. இந்தியா என்பதும் அப்படித்தான்: சிந்து பாரசீகர் வாயில் ஹிந்து, கிரேக்கர் வாயில் இந்தோஸ், அங்கிருந்து இந்தியா.

அப்படியானால் இரண்டும் உறவா, இல்லையா?

இல்லை. மாநிலத்தின் பெயர் கிரேக்கம், புனிதர், ராஜா என்ற வழியில் வந்தது. நாட்டின் பெயர் பாரசீகம் வழியாக வந்து, புனிதரின் பெயரைப் பார்த்து உருமாறியது. இரண்டு ஆறுகள் வேறு வேறு மலையில் பிறந்து கடைசியில் ஒரே முகத்துவாரத்தில் விழுந்த மாதிரி. 1732இல் லண்டனில் பெயர் வைத்தவர்கள் காகசஸை நினைத்து வைக்கவில்லை. காகசஸ்காரர்கள் அமெரிக்காவைப் பார்த்து எடுத்துக்கொள்ளவும் இல்லை. பெயர் ஒற்றுமையால் பிற்காலத்தில் நட்பு மட்டும் வந்தது: சோவியத் காலம் முடியும் தறுவாயிலேயே அட்லாண்டாவும் திபிலீசியும் சகோதர நகரங்கள் ஆகிவிட்டன. பிறகு சவானாவும் பட்டுமியும்.

நாடு ஏன் ஜார்ஜியாவை விடவில்லை?

இவ்வளவு குழப்பம் இருந்தால் சகார்ட்வெலோ என்றே எல்லாரையும் சொல்லச் சொல்லலாமே என்று தோன்றும். அவர்கள் எதிர்த்திசையில் போனார்கள், காரணம் ரஷ்யா.

சோவியத் காலத்தில் பல நாடுகள் ரஷ்ய வடிவமான கிரூசியாவைத்தான் தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டன. 2008 ஆகஸ்டில் ரஷ்யாவோடு ஐந்து நாள் போர் நடந்தது, ஏற்கெனவே பிரிந்து நின்ற அப்காசியா, தெற்கு ஒசேட்டியா என்ற இரண்டு பகுதிகளும் முழுசாகக் கையைவிட்டுப் போயின. அதற்கப்புறம் ரஷ்யாவின் வாயில் வந்த பெயரை வைத்து எங்களை அழைக்காதீர்கள் என்ற கோரிக்கைக்குச் சூடு ஏறியது. தென் கொரியா 2010இல் மாற்றிக்கொண்டது. ஜப்பான் 2015 ஏப்ரலில் சட்டம் போட்டு, குருஜியா என்று எழுதியதை ஜோஜியா என்று மாற்றியது.

விளைவு? ஜப்பானில் இப்போது நாட்டுக்கும் மாநிலத்துக்கும் ஒரே எழுத்து. மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது. 1975 முதல் அங்கே கோகோ-கோலா விற்கும் டப்பா காபியின் பெயர் ஜார்ஜியா, நிறுவனத்தின் சொந்த மாநிலத்தின் பெயரை வைத்தது. தானியங்கி இயந்திரங்களில் எங்கும் கிடைக்கும் காபி என்பதால் ஜப்பானியருக்கு அந்தச் சொல்லைக் கேட்டவுடன் முதலில் அதுதான் ஞாபகம் வரும். ஒரு அவமானத்தைக் கழற்றப் போய் ஒரு குழப்பத்தை அணிந்துகொண்டார்கள் என்றாலும், அவர்கள் இடத்தில் இருந்து பார்த்தால் அந்தத் தேர்வு எனக்கு நியாயமாகவே படுகிறது. லிதுவேனியா மட்டும் 2018இல் வேறு வழியில் போய், அவர்கள் சொந்தப் பெயரிலிருந்தே ‘சகார்ட்வெலாஸ்’ என்ற வடிவத்துக்கு அனுமதி கொடுத்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. காங்கோ, கொரியா மாதிரி நாடுகளுக்கு முழுப் பெயரைச் சொன்னால் பிரித்துவிடலாம். இந்த நாட்டின் அதிகாரப்பூர்வப் பெயரில் குடியரசு என்ற வார்த்தையே கிடையாது. 1995 அரசியலமைப்பின்படி பெயர் ஜார்ஜியா, அவ்வளவுதான். மாநிலத்தின் முழுப் பெயரில் ஸ்டேட் என்று வரும். ஆனால் ஸ்டேட் என்ற ஆங்கிலச் சொல் நாட்டையும் குறிக்கும் என்பதால் அதுவும் முழுசாக உதவுவதில்லை.

ராஜா பெயரில் இன்னும் சில

மிச்சம் இருக்கும் ஜார்ஜியாக்களில் பெரும்பாலானவை இரண்டாம் ஜார்ஜின் பேரன் மூன்றாம் ஜார்ஜ் கணக்கில் வருகின்றன. 1775 ஜனவரியில் கேப்டன் குக் தென் அட்லாண்டிக்கில் பனி மூடிய ஒரு நிலத்தில் இறங்கி, அரசர் பெயரைச் சூட்டினார். பெரிய தென் கண்டத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு கரையைச் சுற்றிக்கொண்டு போனவருக்கு, முனையைத் தாண்டியதும் அது வெறும் தீவு என்று தெரிந்தது. அந்த முனைக்கு ஏமாற்ற முனை என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். அதுதான் தெற்கு ஜார்ஜியா. 1982 ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினா பிடித்து பிரிட்டன் மீட்ட இடம், பயணி ஷாக்கில்டனின் கல்லறை இருக்கும் இடம், லட்சக்கணக்கான பென்குயின்களின் வீடு. ‘தெற்கு’ என்று இருப்பதால் ஏதோ ஒரு ஜார்ஜியாவின் தென்பகுதி என்று படித்துவிடக் கூடாது. தெற்கு ஒசேட்டியா காகசஸில், தெற்கு ஜார்ஜியா அண்டார்க்டிகா பக்கம்.

கனடாவின் வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் இருக்கும் ஜார்ஜியா நீரிணைக்கு 1792இல் ஜார்ஜ் வான்கூவர் பெயர் வைத்தார், அதுவும் மூன்றாம் ஜார்ஜுக்காக. சாலமன் தீவுகளில் நியூ ஜார்ஜியா என்று ஒன்று இருக்கிறது. 1943இல் அமெரிக்கரும் ஜப்பானியரும் கடுமையாக மோதிய இடம்.

நீர்மூழ்கியின் கதை வேறு. அமெரிக்கக் கடற்படை அந்த வகை நீர்மூழ்கிகளுக்கு மாநிலங்களின் பெயரை வைத்தது, ஆகவே யு.எஸ்.எஸ். ஜார்ஜியா நேராக மாநிலத்திலிருந்து வந்தது. அதன் தளமான கிங்ஸ் பே இருப்பதும் அதே மாநிலத்தில். 154 டோமஹாக் ஏவுகணை வரை சுமக்கும் கப்பல் என்பதால் அது நகர்ந்தாலே செய்தி. கணினியில் இருக்கும் ஜார்ஜியா எழுத்துருவும் மாநிலத்தின் பெயரைத்தான் தூரத்திலிருந்து தொடுகிறது: மாத்யூ கார்ட்டர் மைக்ரோசாஃப்டுக்காக வடிவமைத்து 1996இல் வெளிவந்தது, ஜார்ஜியாவில் வேற்றுக்கிரகவாசிகளின் தலைகள் கிடைத்தன என்று ஒரு பரபரப்புப் பத்திரிகை போட்ட தலைப்பிலிருந்து பெயர் எடுத்ததாகச் சொல்வார்கள்.

தமிழில் ஏன் சிக்கல் கூடுகிறது

சில மொழிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ரஷ்யனில் நாடு கிரூசியா, மாநிலம் ஜோர்ஜியா. சீனத்தில் நாட்டுக்கு ரஷ்ய ஒலியை ஒட்டிய பெயர், மாநிலத்துக்கு ஆங்கில ஒலியை ஒட்டிய வேறு பெயர். நாம் ஆங்கிலத்திலிருந்து எடுத்ததால் ஆங்கிலத்தின் குழப்பம் முழுசாக வந்தது, அதன்மேல் நம்முடைய மூன்றும் சேர்ந்துகொண்டன.

1. மெலோனியின் பெயரை இத்தாலியர்கள் ‘ஜோர்ஜா’ என்பதுபோல்தான் சொல்கிறார்கள். எழுத்தைப் பார்த்து நாம் ஜார்ஜியா ஆக்கிவிட்டோம். ‘ஜார்ஜியா பிரதமர்’ என்று வந்தால் திபிலீசியில் இருப்பவர், ‘பிரதமர் ஜார்ஜியா’ என்று வந்தால் ரோமில் இருப்பவர் என்ற நிலை தமிழ் வாசகருக்கு.

2. அமெரிக்க மாநிலங்களில் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் என்று ஒரு பதவி உண்டு. வாஷிங்டனில் அந்தப் பெயருள்ளவர் வெளியுறவு அமைச்சர். மாநிலத்தில் அவருடைய முக்கிய வேலை தேர்தல் நடத்துவதும் பதிவேடுகளைப் பராமரிப்பதும். 2021 ஜனவரி 2 அன்று, 11,780 ஓட்டு கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று டிரம்ப் தொலைபேசியில் கேட்டாரே, அவர் கேட்டது ஜார்ஜியா மாநிலத்தின் இந்த அதிகாரியிடம். இதை ‘ஜார்ஜியா வெளியுறவு அமைச்சர்’ என்று மொழிபெயர்த்தால் வாசகர் நேராகக் காகசஸுக்குப் போய்விடுவார்.

3. இலங்கைத் தமிழில் ஜோர்ஜ், ஜோர்ஜியா என்று எழுதுவது வழக்கம். இரண்டு எழுத்துமுறையும் ஒரே தேடலில் கலந்து வரும்போது, ஜோர்ஜியா ஒரு இடம் ஜார்ஜியா இன்னொரு இடம் என்று நினைக்கத் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. இரண்டு வடிவமும் இரண்டு இடத்துக்கும் வரும்.

செய்தியைப் பார்த்தவுடன் பிடிப்பது எப்படி

1. ஊர் பெயர். திபிலீசி, பட்டுமி, குட்டாய்சி, கோரி, குடௌரி என்றால் நாடு. அட்லாண்டா, சவானா, அகஸ்டா, மேக்கன், ஃபுல்டன் கவுண்டி என்றால் மாநிலம். ஏதென்ஸ், ரோம் என்று வந்து பக்கத்தில் ஜார்ஜியா இருந்தால் அதுவும் மாநிலம்தான். அந்தப் பெயர்களில் அங்கே ஊர்கள் உண்டு.

2. பதவி. அதிபர், பிரதமர், நாடாளுமன்றம் என்றால் நாடு. ஆளுநர், செனட்டர், அமெரிக்க அதிபர் தேர்தலில் 16 தேர்வாளர் ஓட்டு என்றால் மாநிலம்.

3. கட்சி. ‘ஜார்ஜியன் ட்ரீம்’ நாட்டின் ஆளும் கட்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சை 2028 வரை தள்ளிவைப்பதாக 2024 நவம்பர் 28 அன்று அதன் பிரதமர் கொபாகிட்சே அறிவித்ததும் திபிலீசியின் ருஸ்தவேலி சாலையில் மக்கள் மறுபடி திரண்டார்கள். குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்றால் மாநிலம்.

4. பணம். லாரி என்று வந்தால் நாட்டின் நாணயம், சரக்கு வண்டி இல்லை.

5. குறியீடு. நாட்டுக்கு ஜி.இ., இணைய முகவரியும் அதிலேயே முடியும். மாநிலத்துக்கு அஞ்சல் சுருக்கம் ஜி.ஏ. ஆனால் நாடுகளின் பட்டியலில் ஜி.ஏ. என்பது ஆப்பிரிக்காவின் காபோன். தொலைபேசி எண் 995இல் தொடங்கினால் நாடு, 1 என்றால் அமெரிக்கா. இணையப் படிவங்களில் நாடு கேட்கும் இடத்தில் காம்பியாவுக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் ஜார்ஜியா வரும். அட்லாண்டாவில் இருப்பவர் அதைத் தொட்டுவிட்டால் பார்சலின் முகவரி காகசஸாகிவிடும்.

6. விளையாட்டு. செஸ், ரக்பி, மல்யுத்தம், கால்பந்து என்றால் பெரும்பாலும் நாடு. 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாட்டில் மகளிர் பிரிவில் இந்தியா வெண்கலம் வாங்கியபோது வெள்ளி வாங்கியது இவர்கள்தான். கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்ணான நோனா கப்ரிந்தாஷ்விலி இந்த ஊர்க்காரர். அமெரிக்கன் ஃபுட்பால், ‘புல்டாக்ஸ்’ என்றால் மாநிலத்தின் பல்கலைக்கழகம்.

படிக்கப் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது

குழப்பம் செய்தியோடு நின்றால் பரவாயில்லை. பணமும் படிப்பும் இதில் மாட்டிக்கொள்வதால்தான் இதை இவ்வளவு நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜார்ஜியா நாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் போகிறார்கள், அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். திபிலீசி அரசு மருத்துவப் பல்கலைக்கழகம் 1918இல் தொடங்கியது, பெயரிலேயே ஊர் இருப்பதால் அதில் குழப்பம் இல்லை. ஆனால் ‘யுனிவர்சிட்டி ஆஃப் ஜார்ஜியா’ என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன. ஒன்று அமெரிக்காவின் ஏதென்ஸ் நகரில், 1785இல் சாசனம் பெற்ற பொதுப் பல்கலைக்கழகம். மற்றது திபிலீசியில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகம். இரண்டுமே உண்மையானவை, ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை. ‘ஜார்ஜியன் அமெரிக்கன் யுனிவர்சிட்டி’ என்று பெயரிலேயே அமெரிக்கா வருகிற ஒன்றும் திபிலீசியில்தான் இருக்கிறது. அட்லாண்டாவில் இருப்பவை ஜார்ஜியா ஸ்டேட், ஜார்ஜியா டெக்.

பிரித்தறிய ஒரு உறுதியான வழி இருக்கிறது. அமெரிக்காவில் எம்.பி.பி.எஸ். என்ற பட்டமே கிடையாது. அங்கே முதலில் ஒரு இளங்கலைப் பட்டம் முடித்து, அப்புறம் எம்.டி. படிக்க வேண்டும். ஆகவே பிளஸ் டூ முடித்தவுடன் ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ். என்று கன்சல்டன்சி சொன்னால் அது நூற்றுக்கு நூறு காகசஸ் நாடு. அங்கே படித்துவிட்டுத் திரும்பி வந்தால் இந்தியாவில் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வு எழுத வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் விளம்பரத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, சேர்க்கைக் கடிதத்தில் ஊர் பெயரையும் இணைய முகவரியின் கடைசி எழுத்துகளையும் பார்த்தால் போதும்.

ஊடகத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் ஜார்ஜியா நாட்டின் குடௌரியில், ஒரு இந்திய உணவகத்தின் மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருந்த 12 பேர் கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்தார்கள். அதில் 11 பேர் இந்தியர்கள். ‘ஜார்ஜியாவில் 11 இந்தியர்கள் பலி’ என்று மட்டும் கைப்பேசியில் வந்து விழும்போது, அட்லாண்டாவில் மகன் இருக்கும் ஒரு அம்மா அதை எப்படிப் படிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். தலைப்பிலேயே, முதல் சொல்லாகவே, ‘அமெரிக்காவின் ஜார்ஜியா’ அல்லது ‘ஜார்ஜியா நாட்டில்’ என்று எழுதிவிட வேண்டும். இடம் போதாவிட்டால் ஜார்ஜியாவை எடுத்துவிட்டு அட்லாண்டா, திபிலீசி என்று ஊர் பெயரைப் போடலாம், அது இன்னும் சின்னது.